ஏஐ ஏஜென்டின் அண்டூவுக்கு ஒப்புதல் தரும் முன் சரிபார்ப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

ஏஐ ஏஜென்டுகள் இன்று நம் சார்பில் கோப்புகளைத் திருத்துகின்றன, டெர்மினலில் கட்டளைகளை ஓட்டுகின்றன, டேட்டாபேஸில் எழுதுகின்றன, மின்னஞ்சலும் அனுப்புகின்றன. ஏதாவது தவறாகப் போனால், "பழைய நிலைக்குத் திருப்பிவிடட்டுமா?" என்று கேட்டு நம் ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன. புதிய மாற்றம் என்றால் இரண்டு முறை படித்துப் பார்ப்பவர்கள்கூட, பழையபடி ஆக்குவது என்றதும் படிக்காமலே "சரி" என்று அழுத்திவிடுகிறார்கள்.

இப்படிப் பழைய நிலைக்குத் திருப்பும் அண்டூவும் ஒரு புதிய செயல்தான். காலையில் இருந்த நிலையை அது மாலையில் இருக்கும் கோப்புகளின் மேல் எழுதுகிறது. இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் செய்த திருத்தம், வாடிக்கையாளர் பதிந்த தகவல், இன்னொரு ஏஜென்ட் சேர்த்த கோப்பு எதையும் அது தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதனால் அழிக்கும் கட்டளையை எவ்வளவு கவனமாகப் பார்ப்பீர்களோ, அதே கவனத்தோடு அண்டூவையும் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நிரலாக்கம் ஓரளவு தெரிந்து, கிட் மென்பொருளைக் கொஞ்சம் தொட்டிருந்தால் போதும்.

## ஏன் இவ்வளவு கவனம்?

2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்டைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்த நேரத்தில் அந்த ஏஜென்ட், பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. மீட்க முடியுமா என்று கேட்டபோது, பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக் இங்கே பயன்படாது என்றது. லெம்கின் தானே முயன்றபோது ரோல்பேக் வேலை செய்தது. நிறுவனத்தின் தலைவர் அம்ஜத் மசாத் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

டேட்டாபேஸ் அழிந்ததைப் பற்றித்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எது திரும்ப வரும், எது வராது என்பதை ஏஜென்ட் உறுதியான குரலில் தவறாகச் சொல்ல முடியும். "முடியாது" என்று தவறாகச் சொல்லும் ஏஜென்ட், "பத்திரமாகத் திருப்பிவிடலாம்" என்றும் தவறாகச் சொல்லலாம். ஆகவே ஏஜென்டின் பேச்சை ஒரு கூற்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தைக் கருவியிடம் நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்.

## முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அண்டூவில் நான்கு வகை

உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நிலுவைப் பட்டியலில் எல்லா அண்டூவும் ஒரே மாதிரி ஒரு வரியாகத்தான் தெரியும். உள்ளே அவை வேறு வேறு.

1. ஸ்னாப்ஷாட் மீட்பு. ஏஜென்ட் திருத்தும் முன் கோப்பின் நகலை எடுத்து வைத்து, பிறகு அந்த நகலை அப்படியே திரும்ப வைப்பது. கிளாட் கோட் கருவியின் ரீவைண்ட், ஜெமினி சிஎல்ஐ கருவியின் ரீஸ்டோர் இரண்டும் இந்த வகை. இதில் நகல் எடுத்த பிறகு அந்தக் கோப்பில் வந்த எல்லாமே போகும், உங்கள் கையால் எழுதியதும் சேர்த்து.

2. எதிர்மாற்றம். ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் தலைகீழாக்குவது. கிட் ரிவர்ட் கட்டளை செய்வது இதைத்தான். சேர்த்த வரிகளை நீக்கும், நீக்கிய வரிகளைச் சேர்க்கும், மற்ற வரிகளைத் தொடாது. அதே வரிகளை யாராவது இடையில் திருத்தியிருந்தால் மோதல் என்று அறிவித்து நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லதுதான்.

3. ஈடுசெய்யும் செயல். நடந்ததை அழிக்க முடியாத இடங்களில், அதைச் சரிக்கட்ட இன்னொரு செயலைச் செய்வது. பணம் போயிருந்தால் திருப்பி அனுப்புவது, முன்பதிவு ஆகியிருந்தால் ரத்து செய்வது. ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் எழுதிய ‘சாகாஸ்’ ஆய்வுக் கட்டுரை இந்த முறையை விளக்கியது. நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஈடுசெய்யும் செயலை முன்கூட்டியே வைத்திருப்பது அவர்கள் காட்டிய வழி. இந்த வகையில் பழைய நிலை அப்படியே திரும்பாது. தடயம் இருக்கும், சில நேரம் செலவும் இருக்கும்.

4. தாமதித்த செயல். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி இதற்கு நல்ல உதாரணம். அதிகபட்சம் 30 விநாடி வரை ஜிமெயில் அந்த மின்னஞ்சலை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதற்குள் தடுத்தால் முழுமையாகத் தடுக்கலாம். நேரம் கடந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வரியைப் பார்த்ததும் இந்த நான்கில் எது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## படி 1: ஏஜென்டை நிறுத்துங்கள்

நீங்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஏஜென்ட் பின்னணியில் வேலை செய்துகொண்டிருந்தால், நீங்கள் படித்தது ஒன்றாகவும் நடக்கப்போவது இன்னொன்றாகவும் ஆகிவிடும். எனவே முதல் வேலை நிறுத்துவதுதான். தானாக ஒப்புதல் தரும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே கோப்புறையில் இரண்டு ஏஜென்டுகள் ஓடினால் இரண்டையும் நிறுத்துங்கள். கோப்பு மாறியதும் தானாக ஓடும் சர்வர், பில்ட் போன்றவை இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

## படி 2: இப்போதைய நிலையைக் காப்பாற்றுங்கள்

அண்டூ தவறாகிவிட்டால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். கிட் பயன்படுத்துபவர்கள் புதிய பிராஞ்ச் ஒன்றை உருவாக்கி, இப்போதிருக்கும் எல்லாவற்றையும் அதில் கமிட் செய்வதுதான் எளிய வழி. அரைகுறை வேலை என்று தயங்க வேண்டாம், அந்த கமிட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.

இங்கே இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒன்று, கிட் ஸ்டாஷ் கட்டளை. கிட் இன்னும் கண்காணிக்கத் தொடங்காத புதிய கோப்புகளை அது வழக்கமாக எடுத்து வைக்காது. அவற்றையும் சேர்க்கச் சொல்லித் தனியாகத் தெரிவு கொடுக்க வேண்டும். இரண்டு, கிட்இக்னோர் பட்டியலில் உள்ள கோப்புகள். கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கும் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அவை கமிட்டிலும் வராது, அழிந்தால் கிட் மூலம் மீட்கவும் முடியாது. அவற்றைக் கோப்புறைக்கு வெளியே நகலெடுத்து வையுங்கள்.

டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டிருந்தால், அண்டூ தொடப்போகும் அட்டவணைகளையாவது ஏற்றுமதி செய்து வையுங்கள். கடைசி பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் நேரத்தோடு பாருங்கள். நேற்றிரவு எடுத்த பேக்கப், இன்று பகலில் வந்த தகவலைக் காப்பாற்றாது.

## படி 3: ஒவ்வொரு வரியிடமும் ஐந்து கேள்விகள்

"3 மாற்றங்களைத் திருப்பு" என்ற சுருக்கத்துக்கு ஒப்புதல் தராதீர்கள். அதை விரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு வரியிடமும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

- எதைத் தொடுகிறது? கோப்பின் முழுப் பாதை, அட்டவணையின் பெயர், எந்தச் சர்வர் என்பது வரை தெரிய வேண்டும். சோதனைச் சர்வரா நிஜச் சர்வரா என்பதை இங்கேயே உறுதி செய்யுங்கள்.
- எந்த நேரத்து நிலைக்குப் போகிறது? "முந்தைய நிலை" என்றால் போதாது. எந்த கமிட், எந்த ஸ்னாப்ஷாட், எத்தனை மணிக்கு எடுத்தது?
- அதற்குப் பிறகு வேறு யார் தொட்டார்கள்? அண்டூவால் வரும் இழப்புகள் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவைதான்.
- இதைச் சார்ந்து வேறென்ன இருக்கிறது? இந்தக் கோப்பில் உள்ள செயற்கூற்றை வேறு கோப்பு அழைக்கிறதா? இந்த நெடுவரிசையை வேறு அறிக்கை படிக்கிறதா?
- இந்த அண்டூவைக் கேட்டது யார்? நீங்கள் கேட்டதா, ஏஜென்ட் தானே முடிவெடுத்ததா? ஏஜென்ட் படித்த இணையப் பக்கத்திலோ ஆவணத்திலோ யாராவது ஒளித்து வைத்த வாசகம்கூட அதைத் தூண்டியிருக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைத் திருப்பச் சொல்லும் வரி எங்கிருந்தோ வந்திருந்தால், அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த வரி நிலுவையிலேயே இருக்கட்டும். நிலுவையில் இருப்பதால் பெரும்பாலும் எந்த நஷ்டமும் வராது. நேர வரம்புள்ள நான்காம் வகை மட்டும்தான் விதிவிலக்கு. அதை முதலில் பாருங்கள்.

## படி 4: ஒத்திகை பாருங்கள்

நல்ல கருவிகள் பலவற்றிலும், செய்யாமல் செய்துகாட்டும் வசதி இருக்கிறது. எதற்கு எது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு மாற்றத்துக்கு: கிட் ரிவர்ட் கட்டளையை நோ-கமிட் தெரிவோடு ஓட்டுங்கள். எதிர்மாற்றம் கோப்புகளில் வரும், ஆனால் கமிட் ஆகாது. கிட் ஸ்டேட்டஸ் பார்த்தால், ஒரு கமிட்டைத் திருப்பும் வேலை பாதியில் நிற்கிறது என்று அதுவே சொல்லும். பிடித்திருந்தால் தொடரலாம், இல்லையென்றால் அபார்ட் கொடுத்து விலகிவிடலாம்.

கோப்புகளை நீக்குவதற்கு: கிட் கிளீன் கட்டளைக்கு டிரை-ரன் தெரிவு உண்டு. எந்தெந்தக் கோப்பு போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை முழுதாகப் படிக்காமல் உண்மையான கட்டளைக்குப் போகாதீர்கள்.

டேட்டாபேஸுக்கு: நீக்கும் கட்டளையில் உள்ள அதே நிபந்தனையை வைத்து முதலில் ஒரு செலக்ட் ஓட்டி, எத்தனை வரிசைகள் சிக்குகின்றன என்று பாருங்கள். பிறகு ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, சரிபார்த்த பின் கமிட் செய்யுங்கள். இதில் ஒரு வேறுபாடு முக்கியம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-இல் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் பெரும்பாலும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்க்யூஎல்-இல் அப்படிப்பட்ட கட்டளை ஓடிய உடனே அதுவரை செய்ததெல்லாம் தானாகவே கமிட் ஆகிவிடும். அங்கே ரோல்பேக்கை நம்பி ஒத்திகை பார்க்கக் கூடாது.

சர்வர், கிளவுட் அமைப்புகளுக்கு: டெராஃபார்ம் பயன்படுத்தினால் பிளான் கட்டளையின் முடிவை ஒரு கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பையே அப்ளை செய்யுங்கள். நீங்கள் பார்த்ததுதான் நடக்கும். இடையில் நிலை மாறியிருந்தால், சேமித்த திட்டம் பழையதாகிவிட்டது என்று டெராஃபார்ம் மறுத்துவிடும். கழித்தல் குறியும் கூட்டல் குறியும் சேர்ந்து வரும் வரிகளை விசேஷமாகப் பாருங்கள். திருத்தம் போலத் தோன்றினாலும், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கப்போகிறது என்று அதற்குப் பொருள்.

## படி 5: டிஃப்பைத் தலைகீழாகப் படியுங்கள்

ஒத்திகையின் விளைவு பெரும்பாலும் ஒரு டிஃப்பாக உங்கள் முன் வரும். சிவப்பில் கழித்தல் குறியோடு நீங்கும் வரிகள், பச்சையில் கூட்டல் குறியோடு சேரும் வரிகள். சாதாரண மாற்றத்தில் பச்சையைத்தான் அதிகம் கவனிப்போம். அண்டூவில் கண் சிவப்பில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சோதனை: சிவப்பில் தெரியும் ஒவ்வொரு வரியும் ஏஜென்ட் எழுதியதாக இருக்க வேண்டும். நீங்களோ உங்கள் சகாவோ எழுதிய ஒரு வரி சிவப்பில் தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். யார் எழுதியது என்று சந்தேகம் வந்தால் கிட் பிளேம் கட்டளை வரிக்கு வரி பெயரும் தேதியும் காட்டும். ஏஜென்ட் உங்கள் பெயரிலேயே கமிட் செய்திருந்தால் பெயரை நம்ப முடியாது, கமிட் செய்தியையும் நேரத்தையும் பாருங்கள்.

எண்ணிக்கையாலும் சரிபார்க்கலாம். மூல மாற்றத்தின் சுருக்கத்தை ஸ்டாட் தெரிவோடு எடுத்துப் பாருங்கள். ஏஜென்ட் 18 வரி சேர்த்து 2 வரி நீக்கியிருந்தால், அதன் எதிர்மாற்றம் 2 வரி சேர்த்து 18 வரி நீக்க வேண்டும். அண்டூவின் டிஃப் 24 வரியை நீக்குகிறது என்றால், கூடுதலாகப் போகும் அந்த 6 வரி எங்கிருந்து வந்தது? அநேகமாக இடையில் யாரோ உழைத்து எழுதியது. இந்தக் கணக்குக்கு அரை நிமிடம்கூட ஆகாது. படித்துக் களைத்த கண் தவறவிடுவதை இது பிடித்துக் கொடுக்கும்.

## படி 6: வரிசையைத் தீர்மானியுங்கள்

பல அண்டூக்கள் நிலுவையில் இருந்தால் கடைசியாக நடந்ததை முதலில் திருப்ப வேண்டும். மேல்மாடி நிற்கும்போது கீழ்ச்சுவரை எடுக்க முடியாது. ஏஜென்ட் முதலில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, பிறகு அதைப் படிக்கும் நிரலை எழுதியிருந்தால், முதலில் நிரலைத் திருப்பி, பிறகுதான் நெடுவரிசையைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் செயலி இல்லாத நெடுவரிசையைத் தேடி உடைந்து நிற்கும்.

கருவி பட்டியலை எந்த வரிசையில் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். சில கருவிகள் புதியதை மேலே வைக்கும், சில பழையதை மேலே வைக்கும். மேலிருந்து கீழே வரிசையாக ஒப்புதல் தந்துகொண்டே போகும் முன் நேரத்தைப் படியுங்கள்.

## படி 7: ஒன்று செய்து, ஒன்று சரிபார்த்து, அடுத்ததுக்குப் போங்கள்

"அனைத்துக்கும் ஒப்புதல்" என்ற பொத்தானைத் தவிருங்கள். ஒன்றுக்கு ஒப்புதல், பிறகு கிட் ஸ்டேட்டஸ், டெஸ்டுகள், செயலியைத் திறந்து ஒரு பார்வை. எல்லாம் சரியென்றால் அடுத்தது. நடுவில் ஒன்று தவறினால் எதில் தவறியது என்று உடனே தெரியும்.

ஒத்திகை பார்த்துவிட்டு மதிய உணவுக்குப் போய் வந்திருந்தால், ஒப்புதலுக்கு முன் ஒத்திகையை மறுபடி ஓட்டுங்கள். நீங்கள் பார்த்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் இடையே ஏதாவது மாறியிருக்கலாம்.

## படி 8: ஏஜென்டுக்கும் தெரிவியுங்கள்

பலர் மறக்கும் படி இது. கோப்புகள் பழைய நிலைக்குப் போய்விட்டன, ஆனால் உரையாடலில் ஏஜென்டின் நினைவு பழைய நிலைக்குப் போகவில்லை. தான் எழுதிய செயற்கூறு இன்னும் அங்கே இருக்கிறது என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும். அடுத்த வேலையில் இல்லாத ஒன்றை அழைக்கும், அல்லது "யாரோ நீக்கிவிட்டார்கள்" என்று நினைத்து நீங்கள் திருப்பியதையே மறுபடி எழுதி வைக்கும்.

கிளாட் கோட்டின் ரீவைண்டில் நிரலை மட்டும் திருப்பலாம், உரையாடலை மட்டும் திருப்பலாம், இரண்டையும் சேர்த்தும் திருப்பலாம். இரண்டும் ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுங்கள். நிரலை மட்டும் திருப்பினால், எதை ஏன் திருப்பினீர்கள் என்று ஒரு வரியில் சொல்லி, கோப்புகளை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

## ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்

ஒரு சிறு நூலகத்தின் இணையதளத்தை நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பதிவில் கைபேசி எண்ணையும் சேர்க்கச் சொல்லி காலையில் ஏஜென்டிடம் வேலை கொடுத்தீர்கள். மாலையில் நிர்வாகி, "இப்போதைக்கு வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்கிறார். ஏஜென்டிடம் சொன்னதும் நான்கு வரிகள் நிலுவையில் வந்து நிற்கின்றன.

"பதிவுப் படிவக் கோப்பை ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டமை." ஸ்னாப்ஷாட் காலை 10 மணிக்கு எடுத்தது. மதியம் நீங்களே அந்தக் கோப்பில் முகவரிப் புலத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தினீர்கள். மீட்டமைத்தால் அந்தத் திருத்தமும் போகும். முடிவு: இதை நிராகரித்து, ஏஜென்டின் கமிட்டை மட்டும் கிட் ரிவர்ட் மூலம் எதிர்மாற்றம் செய்யச் சொல்லுங்கள். வகை ஒன்றை வகை இரண்டாக மாற்றினால் உங்கள் திருத்தம் தப்பிக்கும்.

"மைக்ரேஷனைப் பின்வாங்கு." கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் அந்த மைக்ரேஷன் ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருந்தால், அதைப் பின்வாங்குவது நெடுவரிசையை அழிப்பது. காலையிலிருந்து பதிவு செய்த உறுப்பினர்கள் தந்த எண்கள் அதில் இருக்கின்றன. மைக்ரேஷனை மறுபடி முன்னோக்கி ஓட்டினால் நெடுவரிசை திரும்ப வரும், ஆனால் காலியாக வரும். முடிவு: படிவத்திலிருந்து புலத்தை எடுத்துவிட்டு, நெடுவரிசையை அப்படியே விடுங்கள். அந்த எண்களை வைத்திருக்கலாமா, அழிக்க வேண்டுமா என்பதை நிர்வாகியிடம் கேட்டு முடிவெடுங்கள். அவை உறுப்பினர்களின் தனிப்பட்ட தகவல், அதை ஏஜென்ட் தீர்மானிக்கக் கூடாது.

"உருவாக்கிய தற்காலிகக் கோப்புகளை நீக்கு." கிட் கிளீன் டிரை-ரன் ஓட்டினால் ஏஜென்டின் இரண்டு சோதனைக் கோப்புகளோடு, நீங்கள் இன்னும் கமிட் செய்யாத ‘அட்டை வடிவமைப்பு’ கோப்பும் பட்டியலில் வருகிறது. முடிவு: பொதுவான கட்டளைக்கு ஒப்புதல் தராமல், அந்த இரண்டு கோப்புகளைப் பெயர் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

"அனுப்பிய அறிவிப்பு மின்னஞ்சலைத் திரும்பப் பெறு." மின்னஞ்சல் உறுப்பினர்களைச் சென்று சேர்ந்து பல மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பப் பெற வழியில்லை. இந்த வரி என்ன செய்யும் என்று விரித்துப் பார்த்தால், மன்னிப்பு கேட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பப் போகிறது என்று தெரிகிறது. இது மூன்றாம் வகை. முடிவு: வாசகத்தை நீங்களே எழுதி, நிர்வாகியின் ஒப்புதலோடு அனுப்புங்கள், அல்லது அனுப்பாமலே விடுங்கள்.

நான்கு வரிகளில் ஒன்றுகூட அப்படியே ஒப்புதல் பெறவில்லை. ஆனாலும் நிர்வாகி கேட்டது நடந்துவிட்டது, எதுவும் தொலையவில்லை.

## பார்த்ததும் நிற்க வேண்டிய கட்டளைகள்

அண்டூ என்ற பெயரில் ஏஜென்ட் இவற்றை ஓட்டக் கேட்டால் கூடுதல் கவனம் தேவை.

- கிட் ரீசெட் ஹார்ட்: கமிட் செய்யாத திருத்தங்கள் எச்சரிக்கையின்றிப் போகும்.
- கிட் ரீஸ்டோர், பழைய கிட் செக்அவுட்: கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அந்தக் கோப்பில் கமிட் ஆகாத வேலை அழியும்.
- கிட் கிளீனுடன் எக்ஸ் தெரிவு: கிட்இக்னோர் பட்டியலில் உள்ள அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும்.
- ஃபோர்ஸ் புஷ்: பொது ரெப்பாசிட்டரியில் சகாக்களின் கமிட்டுகளை மறைத்துவிடும். பகிர்ந்த பிராஞ்சில் ரிவர்ட்தான் பாதுகாப்பானது.
- டாக்கர் கம்போஸ் டவுனுடன் வி தெரிவு: கன்டெய்னர்களோடு வால்யூம்களும் போகும். டேட்டாபேஸ் அதற்குள் இருந்தால் அதுவும் போகும்.
- டெர்மினலில் ஆர்எம்: குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராக அழியும்.

கடைசி வரியோடு ஒட்டி ஒன்று. கிளாட் கோட்டின் செக்பாயின்ட் வசதி, ஏஜென்ட் தன் திருத்தும் கருவிகளால் செய்த மாற்றங்களைத்தான் கண்காணிக்கிறது. டெர்மினல் கட்டளையால் அழிந்த, நகர்ந்த கோப்புகளை அது மீட்டுத் தராது. உங்கள் கருவியின் அண்டூ எதுவரை எட்டும் என்பதை அதன் கையேட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## தவறான அண்டூவுக்கு ஒப்புதல் தந்துவிட்டால்?

பதறி இன்னொரு அண்டூவை அழுத்தாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எழுதுவது தொடரத் தொடர மீட்கும் வாய்ப்பு குறையும்.

படி 2-இல் பிராஞ்ச் எடுத்திருந்தால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிட் ரீஃப்லாக் பாருங்கள். எந்தப் பிராஞ்சிலும் தெரியாத கமிட்டுகளின் தடமும் அதில் வழக்கமாக 30 நாள் இருக்கும், மற்றவற்றின் தடம் 90 நாள். கமிட் செய்யாமல் ஸ்டேஜ் மட்டும் செய்திருந்த கோப்பு என்றால், கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட்-ஃபவுண்ட் தெரிவோடு ஓட்டித் தேடலாம். விஎஸ் கோடில் திறந்து சேமித்த கோப்பாக இருந்தால், டைம்லைன் பகுதியில் பழைய பதிப்புகள் இருக்க வாய்ப்பு உண்டு. டேட்டாபேஸ் என்றால், குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்கும் வசதி உங்கள் சேவையில் இருக்கிறதா என்று பார்த்து, நிஜ டேட்டாபேஸின் மேல் மீட்காமல் தனி இடத்தில் மீட்டெடுத்து, வேண்டிய வரிசைகளை மட்டும் கொண்டுவாருங்கள்.

## அடிக்கடி எழும் கேள்விகள்

ஒவ்வொரு சின்ன அண்டூவுக்கும் இத்தனை படிகள் வேண்டுமா?
வேண்டாம். அண்டூ உங்கள் கணினியில் உள்ள ஒரே ஒரு கோப்பைத்தான் தொடுகிறது, அதன் இப்போதைய நிலையும் கமிட் ஆகியிருக்கிறது என்றால் டிஃப்பைப் பார்த்தாலே போதும். டேட்டாபேஸ், நீக்கும் கட்டளை, வெளியே போகும் செய்தி, பகிர்ந்த பிராஞ்ச் இவற்றில் ஒன்று வந்தாலும் முழுப் பட்டியலையும் பின்பற்றுங்கள்.

ஏஜென்டையே சரிபார்க்கச் சொல்லலாமா?
விளக்கம் கேட்கலாம், எந்தெந்தக் கோப்பு பாதிக்கும் என்று பட்டியல் போடச் சொல்லலாம். படிக்க மட்டும் அனுமதி உள்ள வேறொரு ஏஜென்டைக் கொண்டு சரிபார்ப்பதும் உதவும். ஆனால் டிஃப், டிரை-ரன் பட்டியல், வரிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒப்புதல் உங்கள் பெயரில் போகிறது.

எனக்கு கிட் சரியாகத் தெரியாது, என்ன செய்வது?
அண்டூவுக்கு முன் முழுக் கோப்புறையையும் நகலெடுத்துத் தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். கிட்ஹப் டெஸ்க்டாப் போன்ற செயலிகள் டிஃப்பை நிறத்தோடு காட்டும். அதில் தொடங்கி மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.

## இன்றே செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஒரு வெற்றுக் கோப்புறையில் கிட் தொடங்கி, மூன்று சிறு கோப்புகளை உருவாக்கி கமிட் செய்யுங்கள். ஏஜென்டிடம் மூன்றையும் திருத்தச் சொல்லி அதையும் கமிட் செய்யுங்கள். பிறகு ஒரு கோப்பில் வேறோர் இடத்தில் நீங்களே ஒரு வரியைச் சேர்த்து கமிட் செய்யுங்கள், கமிட் செய்யாத ஒரு புதிய கோப்பையும் வையுங்கள். இப்போது ஏஜென்டிடம் அதன் மாற்றத்தைத் திருப்பச் சொல்லுங்கள். அது எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது, உங்கள் வரி தப்பிக்கிறதா, புதிய கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதே சோதனையைக் கருவியின் ரீவைண்ட் மூலமும் ஒருமுறை செய்யுங்கள். உங்கள் கருவியின் அண்டூ எதைக் காப்பாற்றும், எதை விட்டுவிடும் என்பது இந்தப் பயிற்சியில் கண்முன் தெரிந்துவிடும்.

திருப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் ஏஜென்டுகளிடம் பெரிய வேலைகளை ஒப்படைக்கிறோம். அந்தத் தைரியத்துக்கு அடிப்படை இருக்க வேண்டுமென்றால், இழக்க எதுவும் இல்லாத ஒரு கோப்புறையில் இன்றே இதைப் பழகிவிடுங்கள்.